எதாலை பிரிக்கிறது?

கனடாவில், ஸ்கார்பரோவில் இருந்துகொண்டு கொத்துரொட்டி சாப்பிடாத யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவரை எனக்குத் தெரியும். விரதமோ வயிற்றுக் கோளாறோ ஒன்றுமில்லை. ஏன் என்று ஒருநாள் மதியம் கேட்டேன். "அதிலை எது ரொட்டி, எது முட்டை, எது கறியெண்டு பிரிச்சுக் காட்டுங்கோ பாப்பம் அண்ணை. உங்களுக்கே தெரியாததை நான் ஏன் வாயிலை வைக்கவேணும்?" என்றார். நான் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கும் அது சரியாக இறங்கவில்லை.

எங்கள் அலுவலகம் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே சேலைக்கடை. பழைய கணினிக் கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது தொழில். எக்ஸ்.எம்.எல். என்று ஒருவகைக் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு தகவலையும் பெயர் எழுதிய ஒரு பெட்டிக்குள் போட்டு வைப்பது போன்றது. அதை வேறு வடிவத்துக்கு மாற்ற விதிகள் எழுதவேண்டும். அந்த விதிகளின் தொகுப்பை ஸ்டைல்ஷீட் என்பார்கள். அதை எழுதுகிறவர் இந்தப் பெண். நான் ஒரு காலத்தில் இலவசத் தமிழ் வாரப் பத்திரிகையொன்றில் பிழை திருத்தியவன். பத்திரிகை படுத்துவிட, மாறி வரும் கோப்புகள் சரியா என்று வாசித்துப் பார்க்கும் வேலைக்கு இங்கே வந்து சேர்ந்தேன். அவர் வெட்டுவார், இரத்தம் வருகிறதா என்று நான் பார்ப்பேன் என்று ஆட்களுக்குச் சொல்லுவேன். அப்போது அது சிரிப்பதற்குச் சொன்ன பகிடி.

வெட்டுத்தான் அவருடைய வேலையில் பாதி. பழைய கோப்புகளில் ஒரு பெட்டிக்குள் நீளமாக ஒரு வரி கிடக்கும். முகவரி என்றால் வீட்டு இலக்கம், வீதி, நகரம் எல்லாம் ஒரே வரியில். புதிய வடிவத்துக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது என்று கணினிக்குத் தெரியாது. கமா வரும் இடத்திலா, இடைவெளியிலா, கோடு போட்ட இடத்திலா என்று நாங்கள்தான் சொல்லவேண்டும். ஆகவே எந்தப் புதிய வேலை வந்தாலும், அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு முதலில் கேட்பது ஒன்றுதான். "எதாலை பிரிக்கிறது?"

இந்தக் கேள்வி வேலையோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. அவர் உலகத்தையே அப்படித்தான் பார்த்தார். எந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும், கண்ணில் படவில்லை என்றால் நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பது அவருடைய திடமான நம்பிக்கை. ஒருமுறை சேலைக்கடை முதலாளி மேலே வந்து, தங்கள் ஊர்ச் சங்கம் இரண்டாக உடைந்த கதையைச் சொன்னார். கொள்கை என்றார், கௌரவம் என்றார், பழைய துரோகங்களை வரிசையாக எடுத்து வைத்தார். இவர் தேநீரை ஆற்றிக்கொண்டு எதாலை பிரிஞ்சது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் அது மண்டபத்துச் சமையலறைப் பூட்டின் திறப்பு யாரிடம் இருப்பது என்ற பிரச்சினை என்று முதலாளியின் வாயாலேயே வந்தது. மனிதர் பாதித் தேநீரோடு எழுந்து போய்விட்டார்.

பனிக்காலம் எப்போது முடிகிறது என்று எல்லோரும் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவருக்கு அது பனிச் சப்பாத்துப் பெட்டியைப் பேஸ்மெண்டுக்கு இறக்கும் நாள். இறக்கிய பிறகு பனி கொட்டினால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார். கான்வஸ் சப்பாத்தோடு சேற்றுப் பனியில் நடந்து வந்து, ஈரக் காலுறையை ஹீட்டரில் காயப்போட்டுவிட்டு, இது வசந்தம் என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

அவரைப் புரிந்துகொண்டேன் என்று நினைத்திருந்த என் எண்ணம், ரூஜ் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனதோடு போய்விட்டது. அவரும் கணவரும் பிரிந்துவிட்டார்கள் என்று அலுவலகத்தில் கதை. அவரும் அதை மறைக்கவில்லை. "படிக்குக் கீழை அவர், படிக்கு மேலை நான், படிதான் கோடு" என்று சொல்லியிருந்தார். நான் போன நேரம் அந்தக் கணவர் கீழேயிருந்து தட்டத்தில் தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்து, என்னோடு ஹொக்கி பற்றிக் கதைத்து, மனைவியின் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி படியிறங்கிப் போனார். இவர்கள் பிரிந்தவர்களா சேர்ந்தவர்களா என்று எனக்கு விளங்கவேயில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்து யோசித்து யோசித்து இறங்க வேண்டிய தரிப்பையும் தவறவிட்டேன்.

அந்த நாட்களில்தான் மரண அறிவித்தல் வேலை வந்தது.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். அது ஒரே மூச்சில் ஓடும் வசனம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தை என்று போய் மைத்துனர், சகலன் வரைக்கும் நீளும். பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு வரும், எங்கள் ஆட்களுக்கு லண்டனும் ஒரு நாடுதான். உலகமெல்லாம் சிதறிப்போனதால் வந்த வழக்கம் இது. ஓர் இணையத்தளம் பல வருடத்து அறிவித்தல்களை அப்படியே முழு வசனமாக வைத்திருந்தது. இப்போது அவர்களுக்குக் குடும்ப மரம் வேண்டுமாம். ஒவ்வோர் உறவினரும் தனிப் பெட்டி, பெட்டிக்குள் பெயர், பெயருக்குக் கீழே நாடு. நாடு இல்லாத பெட்டியை அந்த இணையப் பக்கம் காட்டாது. அப்படித்தான் அதைக் கட்டியிருந்தார்கள்.

பெயர்களைக் கமாவில் வெட்டலாம். நாட்டை அடைப்புக்குறியில் வெட்டலாம். அடைப்புக்குறி இல்லாத பெயர்களை என்ன செய்வது? அவர் நூற்றுக்கணக்கில் அறிவித்தல்களை வாசித்தார். செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் போலக் கொஞ்ச நாள் முகமே வேறாக இருந்தது. பிறகு ஒரு காலை என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கோபி, சாந்தி, ரூபன் (லண்டன்) என்று ஒரு வரி. மூன்று பேரும் லண்டனில்தான் இருக்கிறார்கள், எங்கள் ஆட்கள் கடைசிப் பெயருக்கு மட்டும் அடைப்புப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், ஆகவே அடைப்பு இல்லாத பெயருக்கு அடுத்து வரும் நாட்டைக் கொடுத்தால் போதும் என்றார். பத்திரிகையில் இடம் மிச்சம் பிடிக்க நாங்களே அப்படிப் போட்டிருக்கிறோம். நான் தலையாட்டினேன். "பாத்தியளே அண்ணை, கோடு இருந்தது. எங்கடை கண்ணுக்குத்தான் தெரியேல்லை" என்றார். அவ்வளவு மலர்ந்த முகத்தோடு அவரை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை.

புதிய பக்கம் வெளிவந்து கொஞ்ச நாளில் ஒரு தொலைபேசி வந்தது. திருத்தங்களுக்கென்று எங்கள் இலக்கத்தைத்தான் போட்டிருந்தார்கள். நான் எடுத்தேன். வயதான ஓர் அம்மாவின் குரல். தான் சென் ஜேம்ஸ் ரவுணில் மகளோடு இருப்பதாகச் சொன்னார்.

"தம்பி, என்ரை மனுசன்ரை அறிவித்தல் உங்கடை பக்கத்திலை கிடக்கு. அதிலை என்ரை மூத்தவன் கனடாவிலை எண்டு போட்டிருக்கிறியள். உங்களுக்கு ஆர் சொன்னது?"

பெயரில் எழுத்துப் பிழை என்று அழைப்புகள் தினமும் வரும். பிழையென்றால் உடனே திருத்திவிடுகிறோம் அம்மா என்றேன்.

"பிழையெண்டு நான் சொல்லேல்லையே. ஆர் சொன்னதெண்டுதான் கேக்கிறன். கனடாவிலை எவடம்?"

மகன் எங்கே இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார். மூத்தவன் கோகுலன் வன்னியில், கடைசிச் சண்டை நேரத்தில், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போனவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆளையும் காணவில்லை, உடம்பையும் காணவில்லை. நான் போனை அந்த விதியை எழுதியவரிடம் நீட்டினேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே ஒரு கையால் பழைய வசனத்தைத் திரையில் தேடி எடுத்தார். "கோகுலன், வாசுகி, நிமலன் (கனடா) ஆகியோரின் பாசமிகு தந்தையும்" என்று அதில் இருந்தது. அடைப்பு இல்லாத பெயருக்கு அடுத்து வரும் நாடு. விதி சொன்னபடியே வேலை செய்திருந்தது. எதாலை பிரிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. "அம்மா, நாளைக்கு நான் நேரிலை வந்து சொல்லுறன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

என்னையும் வரச் சொன்னார். ரயிலில் போனோம். இறங்கும் இடம் கிட்ட வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அந்த வசனத்தை எழுதினவை தெரிஞ்சுதான் அப்பிடி எழுதியிருக்கினம் அண்ணை" என்றார். தெரிந்துகொண்டு ஏன் அப்படி எழுதவேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. சேர்போர்ன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். அந்த அம்மா இருந்த கட்டிடத்தில், லிஃப்டுக்குக் காத்து நின்ற கூட்டத்தில் அவர் தன் கைப்பையின் பட்டியை முறுக்கி முறுக்கி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வாசுகிதான் கதவைத் திறந்தார். வேலைக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். அம்மா எங்களுக்கு பிஸ்கட் எடுத்து வைத்துவிட்டு, எதிரில் வந்து இருந்தார். அந்த முகத்தில் இருந்தது கோபமென்றால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் எங்களைப் பார்த்த பார்வை, விமான நிலையத்தில் வரவேண்டிய ஆளுக்காகக் காத்து நிற்பவர்கள் கதவு திறக்கும்போது பார்க்கிற பார்வை.

இவர் சுற்றிவளைக்கவில்லை. கமாவைச் சொன்னார், அடைப்புக்குறியைச் சொன்னார், பெயருக்குப் பக்கத்தில் நாடு இல்லாவிட்டால் அடுத்த பெயரின் நாட்டை எடுக்கும்படி தானே எழுதி வைத்ததைச் சொன்னார். அம்மா ஒரு சொல்லையும் விடாமல் கேட்டார்.

"அப்ப ஒருத்தரும் உங்களுக்கு வந்து சொல்லேல்லை."

"இல்லை அம்மா. பிழை என்ரை."

"உந்த மெசின் பக்கத்திலை இருக்கிற சகோதரங்களைப் பாத்து எழுதினது. அதுகள் இருக்கிற இடத்திலைதானே இவனும் இருப்பான் எண்டு."

"ஓம் அம்மா."

"அதிலை என்ன பிழை பிள்ளை?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன். வாசுகிக்குத்தான் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கே அதை எடுத்துவிட வேண்டும் என்றார். ஆட்கள் பார்த்துவிட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். நேற்று வேலையிடத்தில் ஒருத்தி, அண்ணா வந்திட்டாரா, சொல்லவேயில்லையே என்று கட்டிப்பிடித்தாளாம்.

"கேக்கட்டும்" என்றார் அம்மா. "இவ்வளவு காலமும் ஒருத்தரும் அவனைப் பற்றிக் கேக்கேல்லை."

நாட்டை எடுத்தால் என்ன நடக்கும் என்பதை இவர் அப்போது சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. நாடு இல்லாத பெட்டியைப் பக்கம் காட்டாது. கனடாவை எடுத்தால் கோகுலனும் போய்விடுவான். தகப்பனுடைய அறிவித்தலில் இரண்டு பிள்ளைகள்தான் இருப்பார்கள். இலங்கை என்று போடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அங்கே எங்கே என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவ்விடத்தில் மட்டும் தாயும் மகளும் ஒன்றாக இருந்தார்கள்.

வாசுகி கதிரையில் வந்து இருந்தார். "அப்பா செத்த நேரம் அந்த வசனம் நான்தான் எழுதினது" என்றார். "காலஞ்சென்ற எண்டு போட அம்மா விடமாட்டா. ஒரு நாட்டைப் போட என்னாலை ஏலாது. அதுதான் எங்கடை பேருகளோடை சேத்து, அண்ணாவை முன்னுக்கு எழுதினனான். வாசிச்ச ஆக்களுக்கு விளங்கினது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

ரயிலில் இவர் சொன்னது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த வசனம் முழுசாக இருந்தவரைக்கும் கோகுலன் அதற்குள் சேதமில்லாமல் இருந்திருக்கிறான். அவன் செத்தான் என்றும் அது சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. தங்கையும் தம்பியும் பக்கத்தில் நின்றார்கள். நாங்கள் அதை வெட்டி, ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்தி, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறோம்.

இவர் எழும்பினார். திருத்திவிட்டு அழைக்கிறேன் என்று மட்டும் சொன்னார். என்ன திருத்தம் என்று தாயும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்து அவர் செய்தது ஒரு சின்ன வேலை. அந்த ஓர் அறிவித்தலுக்கு மட்டும் ஸ்டைல்ஷீட்டில் தனி விதி எழுதினார். பிள்ளைகளின் பெயர் வரும் வரியை வெட்ட வேண்டாம், இருக்கிறபடியே ஒரே பெட்டிக்குள் வை என்று. பக்கத்தைத் திறந்தபோது மற்ற உறவினர்களெல்லாம் ஆளுக்கொரு பெட்டியில் இருக்க, ஒரு நீளமான பெட்டிக்குள் மூன்று பேர் சேர்ந்து இருந்தார்கள். கீழே ஒரேயொரு கனடா. தளக்காரர்கள் வடிவில்லை என்று முறைப்பாடு செய்தார்கள். அது பிரிக்க ஏலாது என்று இவர் பதில் அனுப்பினார். அவர் அப்படி எழுதி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அம்மா அழைத்து, மூன்று பேரும் ஒரு பெட்டிக்குள் இருக்கினம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரச்சினை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கீழே போய்க் கொத்துரொட்டிகூட வாங்கி வந்தேன். அவர் திரையை விட்டு எழும்பவில்லை. மற்ற அறிவித்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடைப்புக்குறி இல்லாத பெயர்கள். அடுத்த பெயரின் நாட்டை வாங்கிக்கொண்ட பெயர்கள். லண்டன், பிரான்ஸ், சுவிஸ், கனடா.

"உண்மையா இஞ்சை இருக்கிற பிள்ளைக்கும் ஒரு கமாதான் அண்ணை. காணாமல் போன பிள்ளைக்கும் அதே கமாதான்" என்றார். "எதாலை பிரிக்கிறது?"

அந்தக் கேள்வியை அவர் எத்தனையோ தரம் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். இந்தத் தரம் அவர் பதில் தெரியாமல் கேட்டார். நான் கொத்துரொட்டிப் பெட்டியை மூடி வைத்தேன்.

குடும்பங்களை அழைத்துக் கேட்கவேண்டும் என்று அவர் எங்கள் முதலாளியிடம் சொன்னார். முதலாளி தளக்காரர்களிடம் கேட்டார். நாட்டைப் பற்றி வேறு யாரும் முறைப்பாடு செய்யவில்லையே என்று அவர்கள் சொன்னார்கள். முறைப்பாடு செய்யாதவர்கள் பக்கத்தைப் பார்க்காதவர்களா, பார்த்துவிட்டுச் சும்மா இருப்பவர்களா என்று இவர் கேட்டதற்கு, முதலாளி அடுத்த வேலையின் கோப்பை எடுத்து நீட்டினார். அந்தக் கோடையிலேயே இவர் வேலையை விட்டுவிட்டார். ஒட்டாவாப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். கணவரோடு போனார் என்று ஒருவரும், தனியாகப் போனார் என்று இன்னொருவரும் சொன்னார்கள். இரண்டையும் நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

இப்போது வெட்டும் வேலை இல்லை. குடும்பத்தினரே தளத்துக்குள் போய் ஒவ்வொரு பெட்டியையும் தாங்களே நிரப்புகிறார்கள். வெளியிடுவதற்கு முன் வாசித்துப் பார்க்கும் வேலை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் ஓர் அறிவித்தல் வந்தது. சென் ஜேம்ஸ் ரவுணை வதிவிடமாகக் கொண்ட ஓர் அம்மா. அனுப்பியவர் பெயர் வாசுகி என்று இருந்தது.

பிள்ளைகளின் பெட்டிகளுக்கு வந்தேன். இந்தத் தரம் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. வாசுகி, கனடா. நிமலன், கனடா. அவர்களுக்கு முன்னால் கோகுலன். அன்றைக்கு அதை எடுக்கச் சொன்ன வாசுகி, நாட்டுக்கான இடத்தில் தன் கையாலேயே கனடா என்று நிரப்பியிருந்தார்.

மற்றப் பெட்டிகளை வாசித்து முடித்துவிட்டு அதற்கே திரும்பி வந்தேன். ஒட்டாவாப் பக்கம் போனவரை அழைத்துக் கேட்கவேண்டும் போலிருந்தது, அவருடைய இலக்கம் என்னிடம் இல்லை. இது பிழையா, இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. திரையின் அடியில் சரி என்றும் திருத்துக என்றும் இரண்டு பொத்தான்கள் இருந்தன. நான் சரி என்பதை அழுத்தினேன்.